கறுப்புக் கொடிக்கும் தேருக்கும் நடுவில் ஐந்து நாட்கள்

எங்கள் பங்குக் கோயில் கோபுரத்தில் ஆண்டுக்கு ஒரு முறை கறுப்புக் கொடி ஏறும். நாள் ஆகஸ்ட் 10. 1950-இல் அதே தேதியில்தான் பட்டியல் சாதிகளுக்கான குடியரசுத் தலைவர் ஆணை வந்தது. இந்து அல்லாத யாரும் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார்கள் என்றது அதன் மூன்றாவது பத்தி. 1956-இல் சீக்கியர்களைச் சேர்த்தார்கள். 1990-இல் பௌத்தர்களைச் சேர்த்தார்கள். தலித் கிறித்தவர்களும் தலித் முஸ்லிம்களும் இன்றுவரை வெளியே நிற்கிறார்கள். அதற்காகத்தான் கறுப்பு நாள்.

கொடியைக் கட்டுவது காலனிப் பையன்கள் வேலை. நானே ஐந்து வருடம் ஏறியிருக்கிறேன். மணிக்கூண்டுக்குள் இரும்பு ஏணி இருக்கிறது. அதற்கு மேல் புறா எச்சத்தில் கால் வழுக்கும். கீழே நின்றுகொண்டு சாமி, "பாத்து தம்பி, பாத்து" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருப்பார். கொடி ஏறியதும் பூசை. அன்றைக்கு மறையுரையில் சாதி பாவம் என்பார், சாதி பார்க்கிறவன் நற்கருணை வாங்கத் தகுதியற்றவன் என்பார். நன்றாகவே பேசுவார். அவர் நல்ல மனிதர் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் பின்னால் நான் சொல்லப்போவது ஒரு கெட்ட சாமியாரின் கதையாகிவிடும். இது அந்தக் கதை இல்லை.

ஐந்து நாள் கழித்து ஆகஸ்ட் 15. நாட்டுக்குச் சுதந்திர தினம், எங்களுக்கு மாதா விண்ணேற்புப் பெருவிழா. ராத்திரி ஒன்பது மணிக்குத் தேர் கிளம்பும். மேலத்தெரு, நடுத்தெரு, கடைத்தெரு என்று சுற்றி, காலனி முனைக்கு வந்ததும் தேரை இழுக்கும் டிராக்டர் திரும்பிவிடும். எங்கள் ஆட்கள் முனைக்கு ஓடிப்போய், அங்கே நின்று உப்பும் மிளகும் மெழுகுவர்த்தியும் போட்டுவிட்டு வருவார்கள். மாதா எங்கள் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு போவாள்.

கேட்டால் காரணம் இருக்கிறது. "தெரு குறுகல் தம்பி. மேல கரண்டுக் கம்பி வேற."

ஒரு வருடம் நாங்கள் நாடா வைத்து அளந்தோம். தேர் ஏழடி அகலம். எங்கள் தெரு குறுகலான இடத்திலேயே பதினாலடி. மின்வாரிய லைன்மேனிடம் கேட்டோம். "சொல்லுங்க, ஒரு மணி நேரம் சப்ளைய நிறுத்தித் தரேன், மேலத்தெருவுக்கு வருஷா வருஷம் நிறுத்துறேனே" என்றார். இதையெல்லாம் ஒரு தாளில் எழுதிப் பங்குப் பேரவையில் கொடுத்தோம். பேரவையில் பதினாறு பேர், அதில் காலனிக்கு மூன்று பேர். பங்கில் பாதிக்கு மேல் காலனிக் குடும்பங்கள் என்பதையும் சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள். தாளை வாங்கி வைத்தார்கள். அடுத்த கூட்டத்தில் ஒரு தீர்வோடு வந்தார்கள்: "உங்க தெருவுக்குன்னு ஒரு சின்னத் தேர் செஞ்சுக்கலாமே? பங்குலேர்ந்து பாதிப் பணம் தரோம்."

எங்களுக்கு ஒரு குட்டி மாதா.

தேர் ஒரு சின்ன விஷயம்தான் என்று நினைக்கிறவர்களுக்கு என் ஆயா செத்த கதையைச் சொல்கிறேன்.

எங்கள் கோயிலில் ஒரு சவ வண்டி உண்டு. நாலு சக்கரம், மேலே சிலுவை, பக்கத்துக்கு இரண்டு சம்மனசு. யாரோ வெளிநாட்டுக்குப் போனவர் தன் அப்பா ஞாபகமாக வாங்கிக் கொடுத்தது. கோயில் பின்கட்டில் ஒரு கொட்டகையில் பூட்டி நிற்கும். பங்குக்குச் சொந்தம் என்று பலகையில் எழுதியிருக்கிறது. அது காலனிக்கு வந்து நான் பார்த்ததில்லை. ஆயா செத்த அன்று நான் போய்ச் சாவி கேட்டேன். கோயில்பிள்ளை சாமியைக் கை காட்டினார். சாமி என் தோளில் கை வைத்து, "இன்னைக்கு வேணாம் தம்பி. ஆயா ஆத்துமா அமைதியாப் போகட்டும். இந்தப் பிரச்சனைய அப்புறம் உக்காந்து பேசித் தீர்ப்போம்" என்றார். எப்போதும் போலப் பாடை கட்டினோம், தோளில் தூக்கினோம். ஊர்க் கல்லறையைத் தாண்டித்தான் எங்கள் கல்லறைக்குப் போக வேண்டும். ஊர்க் கல்லறைக்குச் சுற்றுச்சுவர், கேட்டு, தண்ணீர்க் குழாய். எங்களுடையதற்குக் கருவேல முள். சாமி கூடவே நடந்து வந்தார், தண்ணீர் தெளித்தார், செபம் சொன்னார், முள் குத்தியதைக் கூடப் பொருட்படுத்தவில்லை. அவர் கெட்டவர் இல்லை என்றேனே.

ஆயா போய் ஆறு வருடம் ஆகிறது. அந்த "அப்புறம்" இன்னும் வரவில்லை.

எங்கள் ஊரை மட்டும் சொல்லவில்லை. திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறையை இரண்டாகப் பிரித்த சுவரைப் பற்றி நீங்கள் படித்திருப்பீர்கள். 2008 மார்ச்சில் எறையூரில் நடந்தது தெரிந்திருக்கும். தனிப் பங்கு கேட்ட தலித் கிறித்தவர்களின் வீடுகள் தாக்கப்பட்டன. தாக்கியவர்களும் அதே செபமாலை மாதாவை வணங்குகிறவர்கள். போலீஸ் சுட்டு இரண்டு பேர் செத்தார்கள். அங்கேயும் சண்டையின் வேர் வண்டி, பாதை, கல்லறை, உட்காரும் இடம் என்று இந்தச் சின்ன விஷயங்கள்தான்.

இது வெள்ளைக்காரன் போன பிறகு ஒட்டிக்கொண்ட தூசி என்று சிலர் சொல்வார்கள். 1606-இல் மதுரைக்கு வந்த ராபர்ட் தெ நோபிலி பூணூலோடும் குடுமியோடும் கிறித்தவராக இருக்கலாம் என்றார். 1623-இல் போப்பாண்டவரும் அதற்கு அனுமதி கொடுத்தார். மேல்சாதிக்கு ஒரு வகைச் சாமியார், கீழ்சாதிக்குப் பண்டாரசாமி என்று குருக்களையே பிரித்து வைத்தார்கள். சீர்திருத்தச் சபைக்காரர்கள் கைதட்டத் தேவையில்லை. தரங்கம்பாடியின் புது எருசலேம் கோயிலிலும் உட்காருவதற்குத் தனித்தனி இடம்தான். 1833-இல் ஆங்கிலிக்கன் பிஷப் டேனியல் வில்சன் சபைக்குள் சாதியை உடனே விட்டாக வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் வேளாளக் கிறித்தவர்கள் சபையை விட்டார்கள், சாதியை விடவில்லை. அந்தப் பக்கம் நின்றவர்களில் ஒருவர் வேதநாயக சாஸ்திரியார். அவர் பாட்டுகளை எங்கள் காலனியிலும் பாடுகிறோம். என்ன செய்வது, ராகம் நன்றாக இருக்கிறது.

இந்த வரலாற்றில் எனக்குப் பிடித்த ஒரு ஊர் வடக்கன்குளம். 1872-இல் அங்கே ஒரு பீடத்தில் வந்து சேரும் இரண்டு தனித்தனி மண்டபங்களோடு கோயில் கட்டினார்கள். கால்சட்டையின் இரண்டு கால்களைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு காலில் வேளாளர், இன்னொரு காலில் நாடார். நடுவில் தடுப்பு. ஏறத்தாழ நாற்பது வருடம் கழித்து கௌசானல் என்ற பிரெஞ்சு இயேசு சபைக் குரு அந்தத் தடுப்பை இடித்துவிட்டார். வேளாளர்கள் உயர் நீதிமன்றம் வரை போனார்கள், தோற்றார்கள்.

எனக்கு இது ஏன் பிடிக்கும் என்றால், எந்த ஆணையமும் உட்காரவில்லை. கொள்கை அறிக்கை வெளியிடவில்லை. ஒரு பங்குக் குரு மனது வைத்தார், சுவர் விழுந்தது. கத்தோலிக்கத் திருச்சபையில் பங்குக் குருவுக்கும் ஆயருக்கும் இருக்கும் அதிகாரம் பஞ்சாயத்துத் தலைவருக்கும் கிடையாது. சாவி அவர்களிடம் இருக்கிறது, சொத்து அவர்கள் பெயரில் இருக்கிறது, யாருக்கு ஓலை வாசிக்கலாம், யாருக்கு வாசிக்கக் கூடாது என்பதுகூட அவர்கள் கையில். பெண்கள் பீடத்தில் எந்தப் படி வரை ஏறலாம் என்பதற்குச் சட்டம் வைத்திருக்கிறவர்களுக்கு, ஒரு சவ வண்டி எந்தத் தெரு வரை போகலாம் என்பதற்குச் சட்டம் போடத் தெரியாதா? மணமுறிவு ஆனவர் மறுமணம் செய்தால் நற்கருணை மறுக்கும் சபை, தலித் பிணத்துக்கு வழி மறித்தவருக்கு என்றைக்காவது மறுத்திருக்கிறதா? "மெதுவா மனமாற்றம் வரணும் தம்பி" என்கிறார்கள். நானூறு வருடம் ஆகிறது. இன்னும் எவ்வளவு மெதுவாக?

ஆவணங்களுக்கு மட்டும் குறைச்சலே இல்லை. 2003-இல் தமிழ்நாட்டு ஆயர்களிடம் போப் இரண்டாம் ஜான் பால் சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். 2016-இல் இந்திய ஆயர் பேரவையே தலித் மேம்பாட்டுக்கான கொள்கை அறிக்கை வெளியிட்டது. திருச்சபைக்குள் தீண்டாமை இருக்கிறது என்று அதில் ஒப்புக்கொண்டார்கள். இந்தியக் கத்தோலிக்கர் 1.9 கோடி பேரில் 1.2 கோடி பேர் தலித்துகள் என்ற கணக்கும் அப்போது வந்தது. அந்த அறிக்கையின் தமிழ்ப் பிரதியை எங்கள் பங்கில் யாரும் வாசித்துக் காட்டியதில்லை. தேர்த் திருவிழா வரிப் பட்டியலை மட்டும் மூன்று ஞாயிறு தொடர்ந்து வாசிக்கிறார்கள். அதில் காலனிக்கும் தலைக்கட்டு வரி சமமாகத்தான் இருக்கிறது.

இப்போது ஆகஸ்ட் 10-க்குத் திரும்புகிறேன். என் கோபமே அங்கேதான் இருக்கிறது.

சூசை என்று ஒருவர். சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்தவர். ஆதி திராவிடர், கிறித்தவர். செருப்புத் தைப்பவர்களுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தபோது, பக்கத்தில் உட்கார்ந்து தைத்த இந்து ஆட்களுக்குக் கிடைத்தது, இவருக்குக் கிடைக்கவில்லை. வழக்குப் போட்டார். 1985-இல் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே கடுமையோடு தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் காட்டவில்லை என்றது. அன்றிலிருந்து டெல்லியில் எங்கள் வழக்கே ஆதாரம் காட்டும் வழக்குதான். 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் மத நிபந்தனையை எடுத்துவிடச் சொன்னது. எடுக்கவில்லை. 2022-இல் கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னொரு ஆணையம் போட்டார்கள். இரண்டு வருடத் தவணை நீண்டுகொண்டே போனது. 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2024-இல் புதுச்சேரியைச் சேர்ந்த ஒரு பெண்ணின் வழக்கில், ஞானஸ்நானம் வாங்கிக் கோயிலுக்கும் போய்க்கொண்டு வேலைக்காக மட்டும் இந்து என்பது அரசியலமைப்பை ஏமாற்றுவது என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2025-இல் ஆந்திர உயர் நீதிமன்றம், கிறித்தவப் போதகராக இருந்த ஒருவர் கொடுத்த வன்கொடுமைப் புகார் செல்லாது என்றது. கிறித்தவத்தில் சாதி கிடையாதாம். அவரை அடித்தவர்களுக்கு அது தெரியவில்லை, நீதிபதிக்குத் தெரிந்திருக்கிறது.

இந்த அநியாயத்தை எதிர்த்துத் திருச்சபை பேசுகிறது, பேச வேண்டும். ஆனால் என்ன பேசுகிறது? "கிறித்தவத்துக்குள்ளும் சாதி இருக்கிறது, தனிக் கல்லறை இருக்கிறது, தனித் தெரு இருக்கிறது, ஆகவே இவர்களைப் பட்டியலில் சேருங்கள்." டெல்லிக்கு எங்கள் கல்லறை ஆதாரமாகப் போகிறது. அதே கல்லறையைப் பற்றிப் பங்குப் பேரவையில் பேசினால், "நம்ம கோயில்ல சாதியா? யாரு சொன்னா? எல்லாம் ஒரே குடும்பம்" என்கிறார்கள். ஆணையத்திடம் சாட்சியாக நிற்கிற ஆயர், தன் மறைமாவட்டத்துக்கு வந்ததும் நீதிபதி ஆகிவிடுகிறார், போதிய ஆதாரம் இல்லை என்கிறார். அரசு செய்கிற அநியாயத்தில் எங்கள் வீட்டுப் பையன் ஒருவனுக்கு வேலை போகிறது. சபை செய்கிற அநியாயத்தில் அவன் ஆயாவுக்கு வண்டி கிடைப்பதில்லை. முதலாவதை நிறுத்தப் பாராளுமன்றம் வேண்டும். இரண்டாவதை நிறுத்த ஒரு சாவி போதும்.

நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். என் சித்தப்பா மகனுக்கு இரண்டு பெயர். பள்ளிச் சான்றிதழில் ஒன்று, ஞானஸ்நான ஏட்டில் ஒன்று. வி.ஏ.ஓ. விசாரணைக்கு வருகிறார் என்றால் சித்தி மாதா படத்தைக் கழற்றி அரிசிப் பானைக்குப் பின்னால் வைப்பார். அவர் போனதும் எடுத்துத் துடைத்து, "மன்னிச்சுக்கம்மா" என்று சொல்லி மறுபடி மாட்டுவார். அவன் கல்யாணத்துக்கு ஓலை கொடுக்கப் போனபோது, "ரெண்டு தோணியில கால் வைக்கிறவனெல்லாம் விசுவாசியா?" என்று கேட்டார் பேரவையில் ஒருவர். கேட்டவர் வீட்டுப் பெண்ணுக்கு மாப்பிள்ளை தேடிக் கிறித்தவப் பத்திரிகையில் விளம்பரம் வந்திருந்தது. சபையின் பெயர் முதலில், அதன் பக்கத்திலேயே சாதியின் பெயர், கீழே ஆழ்ந்த இறைப்பற்று உள்ளவர் மட்டும் தொடர்புகொள்ளவும் என்று. எத்தனை தோணி என்று நீங்களே எண்ணிக்கொள்ளுங்கள்.

இதையெல்லாம் நான் பொதுவில் பேச ஆரம்பித்ததும் இரண்டு வகைத் தோழர்கள் வந்தார்கள்.

முதல் வகை: "நீ சொல்றது சரிதான் தோழர். ஆனா இப்போ வேணாமே. வடக்க சர்ச்சை அடிக்கிறான், பாஸ்டரைப் புடிச்சு ஜெயில்ல போடறான். இந்த நேரத்துல இதை எழுதினா சங்கிக்குத்தானே லாபம்?" அந்தத் தாக்குதல்கள் எனக்கும் வலிக்கிறது. அங்கே அடிபடுகிறவர்களில் பெரும்பாலும் என் போன்ற ஆட்களும் பழங்குடிகளும்தான், மேலத்தெருக்காரர் இல்லை. ஆனால் சங்கிக்கு ஆயுதம் கொடுப்பது என் கட்டுரையா, அந்தக் கல்லறைச் சுவரா? சுவரை எழுப்பியவனிடம் போய் "இந்த நேரத்தில் இது தேவையா?" என்று கேட்க உங்களுக்கு வாய் வரவில்லை. பிணத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பவனிடம் கேட்கிறீர்கள். அதோடு, சங்கி எங்களுக்காகப் பேசுகிறவனும் இல்லை. மூன்றாவது பத்தியை எடுக்கக் கூடாது என்று நிற்பவனே அவன்தான். அவன் எங்கள் கண்ணீரை எடுத்துக் காட்டுவான், எங்கள் சான்றிதழைக் கிழிப்பான். இது காலனியில் பத்தாவது படிக்கிற பிள்ளைக்கும் தெரியும்.

இரண்டாவது வகை எனக்கு நெருக்கமானவர்கள். பகுத்தறிவாளர்கள். "அப்புறம் ஏன்யா இன்னும் அந்தக் கோயிலுக்குப் போற? வெளிய வா." சிலர் புத்தரைக் காட்டுகிறார்கள், சிலர் பெரியாரை. நியாயமான கேள்விதான், எனக்கு முழுப் பதில் இல்லை. அரைப் பதில் இருக்கிறது.

என் ஆயாவை ஊரில் யாரும் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏய்", "இவளே", இல்லையென்றால் தாத்தா பேரைச் சொல்லி "அவன் பொண்டாட்டி". அவளுடைய முழுப் பெயர் முதன்முதலாக எழுதப்பட்ட இடம் ஞானஸ்நான ஏடு. அந்தோணியம்மாள். கன்னியாஸ்திரி ஒருவர் நடத்திய ராப்பள்ளியில் அதை எழுதக் கற்றுக்கொண்டாள். ரேஷன் கடையில் கைநாட்டு மையை நீட்டினால் வாங்க மாட்டாள், பேனா கேட்பாள். பின்னால் வரிசை முணுமுணுக்கும். ஒவ்வொரு எழுத்தாக எழுதி முடித்துவிட்டுத்தான் பையைத் தூக்குவாள். சபை எங்களை ஏமாற்றியது என்பது உண்மை. அந்தப் பேனாவும் உண்மை. இரண்டையும் ஒன்றாகச் சொன்னால் கூட்டத்தில் கைதட்டு கிடைப்பதில்லை.

இன்னொன்று. அந்தக் கோயிலின் அஸ்திவாரக் கல்லைச் சுமந்தவர்கள் எங்கள் பாட்டன் பாட்டிகள். கூலி இல்லாமல், தர்ம வேலையாக. ஆயா மண் சுமந்த கதையைச் சொல்லும்போது தலையில் சும்மாடு வைத்த இடத்தைத் தடவிக் காட்டுவாள். நாங்கள் வெளியே வந்தால் மேலத்தெருவுக்கு அன்றைக்குத்தான் உண்மையான திருவிழா. ஏன் நாங்கள் போக வேண்டும்?

எங்கள் தெருவிலேயே சிலர் போயிருக்கிறார்கள். முக்கு வீட்டு மாடியில் ஒரு பெந்தெகொஸ்தே ஜெபவீடு. அங்கே எல்லோரும் ஒரே பாயில் உட்காருகிறார்கள், சமத்துவம் என்று சொல்கிறார்கள். ஊர்க்காரர் ஒருவரும் அங்கே வருவதில்லை என்பதால் பாய்க்குப் பிரச்சினை இல்லை. பெரியப்பா வேறு ஒன்று சொல்கிறார். எறையூர்க்காரர்கள் கேட்ட மாதிரி நமக்குத் தனிப் பங்கு வேண்டும், தனிச் சாமி, தனிக் கணக்கு. இரண்டு வருடம் முன்பு வரை நான் அதை எதிர்த்தேன், அது அவர்கள் கேட்பதையே நாமே செய்து கொடுப்பது என்று வாதாடினேன். இப்போது அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பேரவையில் பதினாறுக்கு மூன்றாக உட்கார்ந்து வயதாகிப்போன மனிதரிடம், இன்னும் பொறு, ஒன்றாக இருப்போம் என்று சொல்ல எனக்கு என்ன தகுதி? நான் சென்னையில் இருக்கிறேன். திருவிழாவுக்கும் சாவுக்கும்தான் ஊருக்குப் போகிறேன்.

குட்டி மாதாவை மட்டும் நாங்கள் வாங்கவில்லை. அதில் பெரியப்பாவும் நானும் ஒரே கட்சி.

இந்த ஆண்டு ஜூலை கடைசியில் காலனி இளைஞர்கள் கூடிப் பேசி ஒரு கடிதம் எழுதினோம். அதில் மூன்று வரிதான். சவ வண்டிக் கொட்டகைச் சாவியின் ஒரு நகல் காலனியில் இருக்க வேண்டும். கல்லறை இரண்டுக்கும் ஒரே சுற்றுச்சுவர், ஒரே கேட்டு. ஆகஸ்ட் 15 அன்று தேர் காலனிக்குள் வந்து திரும்ப வேண்டும். மூன்றும் நடக்கும் வரை ஆகஸ்ட் 10 அன்று கோபுரத்தில் ஏற எங்கள் ஆள் வர மாட்டான். ஆணையை எதிர்த்து நாங்கள் தாலுகா ஆபீஸ் முன்னால் எங்கள் கொடியோடு நிற்போம், அதில் மாற்றம் இல்லை. கோயிலுக்காகக் கோயில் மேல் ஏறி நிற்பதைத்தான் நிறுத்துகிறோம்.

சாமி கடிதத்தை இரண்டு தடவை படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மேலத்தெருவில் பேசிப் பார்க்கிறேன் என்றார், ஆயர் இல்லத்துக்கு ஒரு பிரதி அனுப்புங்கள் என்றார். அனுப்பிவிட்டோம் என்றோம். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசாமல் இருந்துவிட்டு, "அப்போ பத்தாம் தேதி கொடிய யாருப்பா கட்டுறது?" என்று கேட்டார்.

"நடுத்தெருவுலயும் பையனுங்க இருக்காங்களே சாமி" என்றார் பெரியப்பா.

பத்தாம் தேதி காலையில் பூசைக்குப் போனவர்கள் சொன்னார்கள், கோபுரத்தில் கொடி இல்லை. கேட்டில், கை எட்டும் உயரத்தில், ஒரு கறுப்புத் துணியைக் கட்டியிருந்தார்களாம். கோயில்பிள்ளை கட்டியது. பதினைந்துக்கு இன்னும் நான்கு நாள் இருக்கும்போது இதை எழுதுகிறேன். காலனி முனையில் பந்தலுக்குக் குழி தோண்டியாகிவிட்டது. முனையில் இல்லை, இந்த முறை தெருவுக்குள்ளே, கடைசி வீட்டு வாசலில்.